மெதுவாக இறங்கும் உயிர் மீட்டர்: ‘மதர் 2’ கேமின் கதை

கொஞ்சம் நீளமான த்ரெட் இது. சர்க்கரை, பிரஷர் என்று எழுதுகிற டாக்டர் இன்னைக்கு ஏன் 30 வருடப் பழைய ஜப்பான் வீடியோ கேமைப் பற்றி எழுதுறார்னு நினைப்பீங்க. பாதி படிச்சா தெரிஞ்சிடும். கேம் பழக்கமே இல்லாதவங்களும் தைரியமா படிக்கலாம்.

கேமின் பெயர் ‘மதர் 2’. 1994 ஆகஸ்ட் 27 அன்று ஜப்பானில் நிண்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்கு வந்தது. அமெரிக்காவில் அடுத்த வருடம் ‘எர்த்பவுண்ட்’ என்ற பெயரில் போனது. ரோல் பிளேயிங் வகை. அதாவது ஊர் ஊராகச் சுற்றி, வழியில் வரும் எதிரிகளோடு சண்டை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வலுவாகி, கடைசியில் பெரிய வில்லனைச் சந்திப்பது.

இதை உருவாக்கியவர் ஷிகெசாட்டோ இட்டோய். அவர் கேம் துறை ஆள் கிடையாது. விளம்பரங்களுக்கு வாசகம் எழுதுவதில் ஜப்பானில் பெரிய பெயர் வாங்கியவர். ‘மை நெய்பர் டொட்டோரோ’ படம் பார்த்திருக்கீங்களா? அதில் அப்பாவுக்குக் குரல் கொடுத்தவர் இவர்தான்.

‘டிராகன் குவெஸ்ட்’ விளையாடிப் பார்த்து ஈர்க்கப்பட்ட இட்டோய், வாளும் டிராகனும் இல்லாமல் இதே மாதிரி ஒன்று செய்தால் என்ன என்று யோசித்தார். அப்படி 1989-ல் முதல் ‘மதர்’ வந்தது. ஹீரோ ஒரு சின்னப் பையன். ஆயுதம் பேஸ்பால் மட்டை. சாப்பாடு ஹாம்பர்கர். இடம், அமெரிக்கா மாதிரி தெரிகிற ஒரு கற்பனை நாடு. ‘மதர் 2’-வும் அதே உலகம்தான், ஆனால் ரொம்பப் பெரிது.

பெரிதாக ஆனதுதான் சிக்கல். நாலு வருடம் வேலை நடந்தும் கேம் முடியவில்லை. கைவிடப்படும் நிலை. அப்போது உள்ளே வந்தவர் ஹால் லேபரட்டரியின் சடோரு இவாட்டா, கைதேர்ந்த ப்ரோக்ராமர். அவர் சொன்ன கணக்கு பிரபலமானது: இருப்பதையே ஒட்டுப்போட்டுச் சரிசெய்தால் இரண்டு வருடம், முதலிலிருந்து எழுதினால் அரை வருடம். மறுபடி எழுதினார்கள். சுமார் ஒரு வருடத்தில் கேம் மெருகேறி வெளியே வந்துவிட்டது. இதே இவாட்டா 2002-ல் நிண்டெண்டோவுக்கே தலைவரானார். 2015 ஜூலையில், 55 வயதில், பித்தநாளக் கட்டியால் இறந்தார்.

இப்போ நான் எழுத வந்த விஷயம்.

இந்த வகை கேம்களில் ஒவ்வொருவருக்கும் உயிரை அளக்க ஒரு எண் இருக்கும். ஹெச்.பி. என்பார்கள். 100 இருக்கிறது, எதிரி 120 அளவுக்கு அடிக்கிறான் என்றால் அந்த நொடியே பூஜ்யம், ஆள் காலி. ‘மதர் 2’-வில் அப்படி இல்லை. பழைய பைக்கில் கிலோமீட்டர் காட்டும் சக்கரம் உருளுமே, அதுபோல எண் ஒவ்வொன்றாக உருண்டு இறங்கும். அடி விழுந்துவிட்டது, சாகிற அளவு அடிதான், ஆனால் இன்னும் சாகவில்லை. பூஜ்யத்தைத் தொடுவதற்குள் வைத்தியம் பார்த்துவிட்டால், அல்லது சண்டையை முடித்துவிட்டால், பிழைத்துக்கொள்வார்.

இதைப் படிக்கும் டாக்டர், நர்ஸ், 108 ஊழியர் எல்லோருக்கும் உடனே ஒன்று ஞாபகம் வரும். விபத்தில் உள்ளுக்குள் ரத்தம் கசியும் இளைஞர் வருவார். நல்லா பேசிக்கிட்டிருப்பார். பிரஷர்கூட ஓரளவு சரியாகவே காட்டும். நாடித்துடிப்பு மட்டும் வேகமாக ஓடும். உடம்பு ரத்தக்குழாய்களைச் சுருக்கி, இதயத்தை விரட்டி, எப்படியோ சமாளித்துக்கொண்டிருக்கும். அந்த மீட்டர் உருண்டுகொண்டிருக்கிறது, வெளியே தெரியவில்லை, அவ்ளோதான். “பையன் நல்லாத்தான இருக்கான், நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று வீட்டுக்குக் கூட்டிப்போவது எவ்வளவு ஆபத்து என்பதை எத்தனை முறை சொன்னாலும் புரியவைக்க முடிவதில்லை. இந்த கேமில் பத்து வயசுப் பிள்ளைக்கு அது ஒரே சண்டையில் புரிந்துவிடும்.

ஆனால் இதே இடத்தில்தான் கேமின் பெரிய குறையும் இருக்கிறது. மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் மருந்தைத் தேடணும். மருந்து பைக்குள் இருக்கும். ஒரு ஆளுக்கு 14 பொருள்தான் வைக்க இடம். அதிலும் ஏடிஎம் கார்டு, ஊர் வரைபடம் மாதிரி தூக்கிப்போட முடியாத சாமான்கள் இடத்தை அடைத்துக்கொள்ளும். மிச்சத்தைப் பாதுகாக்க ஒரு டெலிவரி சேவை உண்டு. அதுவும் ஒரு தடவைக்கு மூன்று பொருள்தான் தூக்கும். வாசகங்களில் அத்தனை அக்கறை காட்டிய மனிதர் பையை இப்படி விட்டுவிட்டார். எனக்கு இதில் கோபம் உண்டு.

நடையும் மெதுவு. ஓடுவதற்கு பட்டனே கிடையாது. ஆரம்பத்தில் ஹீரோ நெஸ் தனியாள் என்பதால் முதல் ஊரிலேயே பலமுறை அடிபட்டு விழுவீர்கள். விழுந்தால் கையிலிருக்கும் காசில் பாதி போயிடும். நிறைய பேர் இங்கேயே மூடி வைத்துவிடுகிறார்கள்.

அதைத் தாண்டினால் இன்னொரு ஆச்சரியம் காத்திருக்கும். நெஸ்ஸுக்கு ஒரு ‘நோய்’ வரும். வீட்டு ஏக்கம். சண்டைக்கு நடுவே அம்மாவையோ, பிடித்த சாப்பாட்டையோ நினைத்துக்கொண்டு சும்மா நின்றுவிடுவான். வைத்தியம் என்ன தெரியுமா? போனை எடுத்து அம்மாவிடம் பேசுவது. ஹாஸ்டலில் சேர்ந்த முதல் மாதம் வயிற்றுவலி, தலைவலி என்று வரும் பிள்ளைகளை எல்லா டாக்டரும் பார்த்திருப்போம். எல்லா ரிப்போர்ட்டும் நார்மலாக வரும். வலி மட்டும் நிஜம்.

அப்பாவோ கேம் முழுக்க போனில் மட்டும்தான் வருவார், முகமே காட்ட மாட்டார். அவருக்குப் போன் செய்தால்தான் ஆடிய வரைக்கும் சேமிக்க முடியும்.

இத்தனை மென்மையான கேமின் கடைசி வில்லன் கீகஸ் மட்டும் பயங்கரம். அதற்கு உருவமே இல்லை. திரை முழுக்கச் சுழலும் சிவப்பு, அறுந்து அறுந்து வரும் வார்த்தைகள். இட்டோய் சின்னப் பையனாக இருந்தபோது தெரியாமல் பெரியவர்களுக்கான ஒரு படத்துக்குள் போய், ஒரு பெண் கொல்லப்படும் காட்சியைப் பார்த்துவிட்டார். அந்தப் பீதிதான் இங்கே வந்தது என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். சிறுவயது அதிர்ச்சி பல பேருக்கு முழுக்கதையாகத் திரும்பி வராது, துண்டு துண்டாகத்தான் வரும். இட்டோய் அதைப் பாடம் படித்துச் செய்யவில்லை.

கீகஸை ஆயுதத்தால் முடிக்க முடியாது. கூட வரும் பவுலா என்ற பெண் பிரார்த்தனை செய்யணும். வழியில் சந்தித்த ஒவ்வொருவருக்கும் அது கேட்கும், அவர்களும் சேர்ந்து வேண்டுவார்கள். கடைசியில் கேட்பது யாருக்கு? கேம் நடுவே ஒரு பாத்திரம் உங்கள் சொந்தப் பெயரைக் கேட்டு வாங்கி வைத்திருக்கும். ஆமாம், உங்களுக்குத்தான்.

அமெரிக்காவில் இதை விற்ற விதம் கொடுமை. “இந்த கேம் நாறுது” என்கிற அர்த்தத்தில் விளம்பரம், சுரண்டினால் நிஜமாகவே நாற்றமடிக்கும் அட்டைகளோடு! அங்கே விற்றது சுமார் 1,40,000 பிரதிதான். ஆஸ்பத்திரிக் கட்டடங்கள் மேலிருந்த சிலுவைக் குறியையும் அங்கே அழித்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. செஞ்சிலுவை மருத்துவமனைகளின் பொதுச் சின்னம் இல்லை, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட குறி. நம் ஊர் கிளினிக் போர்டுகளுக்கும் இது பொருந்தும்.

1999-ல் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ கேமில் நெஸ் தலைகாட்டிய பிறகுதான் நிறைய பேர் யார் இந்தப் பையன் என்று தேடினார்கள். ஸ்டார்மென் டாட் நெட் என்ற ரசிகர் தளம் வருடக்கணக்கில் மனு போட்டது. 2006-ல் வந்த ‘மதர் 3’-க்கு அதிகாரப்பூர்வ ஆங்கிலப் பதிப்பு வராததால் 2008-ல் ரசிகர்களே மொழிபெயர்த்து இலவசமாகக் கொடுத்தார்கள். அந்தத் தளத்தில் வளர்ந்த டோபி ஃபாக்ஸ்தான் 2015-ல் ‘அண்டர்டேல்’ செய்தார். உங்க வீட்டுப் பசங்களைக் கேட்டுப் பாருங்க, அது தெரிந்திருக்கும்.

2022 பிப்ரவரியில் ‘எர்த்பவுண்ட்’ நிண்டெண்டோ ஸ்விட்ச்சின் ஆன்லைன் சந்தாவில் சேர்ந்தது. ஆட நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். கையில் காசு வைக்காதீங்க, ஏடிஎம்மில் போட்டுடுங்க. ரொம்ப நேரம் தொடர்ந்து ஆடினால் அந்த அப்பா அவராகவே கூப்பிட்டு, கொஞ்சம் ஓய்வு எடுக்கலாமேன்னு கேட்பார். எடுத்துக்கோங்க.