ஹெல்மெட்டுக்குள் ஒரு காது: மலையக வீதிகளுக்குப் புளூடூத்தும் வானொலியும்

கிளிநொச்சியிலிருந்து ஹற்றனுக்கு இரண்டு மோட்டார் சைக்கிள்களில் போவதென்று நானும் மச்சானும் முடிவெடுத்தபோது, ரயரைப் பற்றியோ மழை அங்கியைப் பற்றியோ நான் கவலைப்படவில்லை. அவருக்கு வலது காது கேட்காது. 2009இல் பக்கத்தில் விழுந்த ஷெல்லோடு போனது. எங்கள் வீதிகளில் வாகனங்கள் முந்துவது வலப்பக்கத்தால். ஒற்றைக் காதுள்ளவருக்கு ஹோர்ன் சத்தம் கேட்டாலும் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று பிடிபடாது. மலை வளைவில் அது உயிர்ப் பிரச்சினை.

போகாமலும் விடமுடியாது. அவருடைய தகப்பன் 1977 கலவரத்தோடு ஹற்றன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு வந்தவர். அந்த லயத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டுமென்பது மச்சானின் நெடுநாள் ஆசை. ஆகவே ஹெல்மெட்டில் பூட்டும் புளூடூத் பேச்சுக் கருவி இரண்டு வாங்கினோம். காது பாதிக்கப்பட்டவர்கள் எங்களிடையே பலர் இருப்பதால் பூட்டிய விதத்தை விபரமாக எழுதுகிறேன்.

கருவியை ஹெல்மெட்டின் இடப்பக்க விளிம்பில் கவ்வியால் பிடிக்க வைக்கலாம். ஸ்பீக்கர்கள் உள் மெத்தைக்குப் பின்னால் காதுக்குழியில் இருக்கவேண்டும். பலர் பிழைவிடுவது இங்கேதான். காதுத் துளைக்கு நேரே இல்லாமல் ஒரு விரலளவு விலகினாலும் சத்தம் பாதியாகிவிடும். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, பாட்டு ஓடவிட்டு, ஸ்பீக்கரை நகர்த்திப் பார்த்து இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்காக உள்ளேயுள்ள றெஜிபோமைச் சுரண்ட வேண்டாம். விழுந்தால் தலையைக் காப்பது அதுதான். மைக் உதட்டுக்குக் கிட்ட, பஞ்சு உறையோடு இருக்கட்டும். உறை கழன்றால் மற்றவருக்குக் காற்றிரைச்சல் மட்டுமே கேட்கும்.

மச்சானுக்கு இரண்டு மாற்றங்கள் செய்தோம். இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் மெல்லிய பஞ்சு வைத்துக் காதோடு நெருக்கினோம். அடுத்து, கைத்தொலைபேசியின் அணுகல் வசதிகளுக்குள் ‘மோனோ ஓடியோ’ என்றொரு தெரிவு உண்டு. அதைப் போட்டால் இரண்டு பக்க ஒலியும் சேர்ந்து வரும். போடாவிட்டால் பாட்டில் வலப்பக்கத்தில் வரும் வாத்தியம் அவருக்கு இல்லவே இல்லை. இத்தனை வருடமாக இது தெரியாமல் பாட்டுக் கேட்டிருக்கிறார், பாவம்.

தூரத்தைப் பற்றிப் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அது வெட்டவெளிக் கணக்கு. புளூடூத் 2.4 கிகாஹேர்ட்ஸில் வேலை செய்வது. மண்மேடு குறுக்கே வந்தால் நின்றுவிடும். ஏ9 வீதியில் நன்றாகப் பேசிக்கொண்டு வந்த நாங்கள், கம்பளை, புசல்லாவை தாண்டி வளைவுகள் தொடங்கியதும் அடிக்கடி அறுந்துபோனோம். ஒருவரையொருவர் கண்ணால் காணும் தூரத்தில் ஓடுவதுதான் தீர்வு. மூன்று நான்கு பேர் போனால் ‘மெஷ்’ வகைக் கருவி நல்லது. நடுவில் ஓடுபவரின் கருவி மற்றவர்களின் பேச்சைக் கடத்திவிடும். இரண்டு பேருக்கு அந்தச் செலவு வீண்.

வோக்கி டோக்கி மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒருவர் கேட்டார். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் அதற்கு அனுமதிப்பத்திரம் தேவை. வடக்கு இலக்கத் தகட்டோடு அதை இடுப்பில் செருகிக்கொண்டு போய் வழியில் விளக்கம் சொல்ல எனக்கு ஆசையில்லை.

இனி வானொலி. பற்றரி தடைசெய்யப்பட்டிருந்த தொண்ணூறுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் செய்தி கேட்ட தலைமுறை நாங்கள். இன்று நகத்தளவு சிப்புக்குள் எஃப்எம் இருக்கிறது. ஆனால் ஹெல்மெட்டில் நீளமான அன்ரெனாவுக்கு இடமில்லாததால் எடுக்கும் திறன் குறைவு. 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகாலையின் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. நுவரெலியா நகரம் அதன் அடிவாரம். இருந்தும் மலையொன்று மறைத்தால் பக்கத்திலிருந்தே நிலையம் எடுபடாது. ஒரே நிலையம் இடத்துக்கிடம் வேறு அலைவரிசையில் வருவதால், வன்னியில் பதித்து வைத்த எண்கள் இங்கே உதவா. கண்டியில் ஒருமுறை, நுவரெலியாவில் ஒருமுறை தானாகத் தேடவிட்டுப் பதித்துக்கொள்ளுங்கள். றம்பொடையின் 225 மீற்றர் சுரங்கப் பாதைக்குள் தென்றல் அப்படியே மங்கிப்போனது. எங்கள் பேச்சு அறவில்லை. இருவரும் உள்ளேதானே இருந்தோம்.

ஓடும்போது மச்சானுக்கு வானொலி கிடையாது என்பது நாங்கள் போட்ட சட்டம். இருக்கிற ஒரு காதையும் பாட்டால் அடைப்பது மடைத்தனம். தேநீர்க் கடையில் நிறுத்தினால் கேட்கலாம். நான் பின்னால் ஓடினேன். “மச்சான், பின்னால பஸ், இடப்பக்கம் ஒதுங்கு” என்று நான் சொல்ல, “சரி” என்று அவர் பதில் சொல்லவேண்டும். பதில் வராவிட்டால் நானே ஹோர்னை அழுத்தி, லைற் அடிப்பேன். நானுஓயாவுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் மட்டும் எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. ஒரு வளைவில் பதில் வரவில்லை. ஹோர்ன் அடித்தேன், அவர் கண்ணாடியைப் பார்த்து ஒதுங்கினார், பஸ் உரசாமல் போனது. பிறகு பார்த்தால் அவருடைய கருவியில் சார்ஜ் இறங்கியிருந்தது. முதல்நாள் இரவு விடுதியில் வயரைச் செருகியவர் சுவிட்சைப் போட மறந்துவிட்டார்.

அதனால் ஊருக்குத் திரும்பியதும் இரண்டு சைக்கிளிலும் 12 வோல்ற் பற்றரியிலிருந்து பியூஸ் வைத்து யூஎஸ்பி சார்ஜர் பூட்டினோம். சாவி திறந்தால் மட்டும் மின்சாரம் வரும்படி இழுங்கள். இல்லாவிட்டால் காலையில் பற்றரி இறங்கி நிற்கும். மழைக்கு மூடியுள்ள சொக்கெற்றாகப் பாருங்கள்.

அடுத்த பயணத்துக்கு மூன்றாவது கருவியொன்று தேடுகிறோம். மச்சானின் தகப்பன் என் பின்னால் இருந்து வரப்போகிறார். லயத்தை மச்சான் தேடிய இடம் பிழையாம். வழி தான் சொல்வதாகச் சொல்கிறார்.