வில்லியனூர் கம்பியில்லா வலையமைப்பு

வில்லியனூர் கம்பியில்லா வலையமைப்பு என்பது புதுச்சேரிப் பகுதியின் சிற்றூர்களை வானொலி அலைகளால் இணைத்த தகவல் தொடர்பு ஏற்பாடாகும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 சனவரியில் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தின் ஒரு பகுதியாக இது உருவானது. கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம் இத்திட்டத்துக்கு நிதியுதவி அளித்தது. புதுச்சேரி நகருக்கு மேற்கிலுள்ள வில்லியனூரில் தலைமை மையமும், எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் அறிவு மையங்களும் அமைந்தன.

பின்னணி

1990களின் இறுதியில் சிற்றூர்களில் தொலைபேசி இணைப்புகள் குறைவு. இருந்த இணைப்புகளும் கணினித் தரவை நம்பிக்கையோடு அனுப்பும் தரத்தில் இல்லை. எனவே குரலையும் தரவையும் சேர்த்து அனுப்பக்கூடிய மீயுயர் அதிர்வெண் இருவழி வானொலிக் கருவிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

பொதுமக்கள் தாமே வானொலியில் பேசிக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் அதற்கு முன்பே பரவியிருந்தது. அங்கு 1958இல் 27 மெகா ஹெர்ட்ஸ் பகுதியில் சிட்டிசன் பேண்ட் என்னும் அலைவரிசை திறக்கப்பட்டது. 1973 எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் லாரி ஓட்டுநர்களிடையே அது பெருவழக்காயிற்று. இந்தியாவிலோ 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, கருவியை வைத்திருக்கவே உரிமம் வேண்டியிருந்தது. 27 மெகா ஹெர்ட்ஸ் பகுதியில் 5 வாட் வரையிலான கருவிகளுக்கு 2005இல்தான் உரிமத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. இதனால் இந்தியச் சிற்றூர்களில் வானொலித் தொடர்பு தனியாரின் பொழுதுபோக்காக வளரவில்லை. நிறுவனங்களின் வழியாகவே வந்தது.

ஆண்டெனாவின் தேர்வும் சீரமைப்பும்

எந்த வானொலித் தொடர்பிலும் கருவியின் திறனைப் போலவே ஆண்டெனாவும் முக்கியமானது. ஆண்டெனாவின் நீளம் அலைநீளத்தைப் பொறுத்தது. 27 மெகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். அதன் கால் பங்கு ஆண்டெனா ஏறத்தாழ 2.75 மீட்டர் இருக்கும். வாகனத்தில் இவ்வளவு நீளம் சிரமம் என்பதால், கம்பிச்சுருள் சேர்த்துக் குட்டையாக்கிய ஆண்டெனாக்கள் பயன்படுகின்றன. குட்டையாக்கும் அளவுக்குத் திறனும் குறையும். 150 மெகா ஹெர்ட்ஸ் பகுதியில் கால் அலை ஆண்டெனாவுக்கு அரை மீட்டரே போதும்.

வாகனத்தின் உலோகக் கூரை ஆண்டெனாவின் மறுபாதியாகச் செயல்படுகிறது. கூரையின் நடுவில் பொருத்தினால் எல்லாத் திசைகளிலும் அலை சமமாகப் பரவும். கண்ணாடியிழைப் படகில் உலோகப் பரப்பு இல்லை. அங்கு அத்தகைய பரப்பைச் சாராத அரை அலை ஆண்டெனா பொருந்தும்.

பொருத்திய பின் நிலை அலை விகிதத்தை அளக்க வேண்டும். விகிதம் 1.5க்குக் கீழ் இருப்பது நல்லது. 3ஐத் தாண்டினால் திரும்பி வரும் ஆற்றல் கருவியைப் பழுதாக்கலாம். தாழ்ந்த அலைவரிசையில் விகிதம் கூடுதலாக இருந்தால் ஆண்டெனாவை நீட்ட வேண்டும். உயர்ந்த அலைவரிசையில் கூடுதலாக இருந்தால் குறைக்க வேண்டும்.

மீயுயர் அதிர்வெண் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. அதனால் உயரமே எல்லையைத் தீர்மானிக்கிறது. தடையற்ற சமவெளியில் இரு முனைகளிலும் 10 மீட்டர் உயரக் கம்பம் இருந்தால் சுமார் 26 கிலோமீட்டர் வரை அலை எட்டும். புதுச்சேரியின் தட்டையான நிலம் இதற்கு ஏற்றதாக அமைந்தது.

செயல்பாடு

மையங்களுக்கான இடத்தை ஊர் மக்களே கொடுத்தனர். சாதி வேறுபாடின்றி எவரும் நுழையலாம் என்பது நிபந்தனை. எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே மையம் அமைந்தது. கோயிலுக்குள் அனுமதிக்கப்படாதவர்களும் அறிவு மையத்துக்குள் வர முடிந்தது. மின்தடையைச் சமாளிக்கச் சூரிய மின்கலங்கள் பொருத்தப்பட்டன. விளைபொருள் விலை, அரசுத் திட்டங்கள், மருத்துவச் செய்திகள் ஆகியவை வில்லியனூரிலிருந்து அனுப்பப்பட்டன. 'நம்ம ஊரு செய்தி' என்னும் இதழும் வெளிவந்தது.

மீனவ ஊரான வீராம்பட்டினத்துக்கு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பு பெறப்பட்டு, தமிழில் ஒலிபெருக்கி மூலம் நாள்தோறும் அறிவிக்கப்பட்டது. கட்டுமரத்தை இறக்கலாமா என்பதை முடிவுசெய்ய இது மீனவர்களுக்குத் துணைபுரிந்தது. இத்திட்டத்துக்கு 2001இல் ஸ்டாக்ஹோம் சவால் விருது கிடைத்தது.

2004 ஆழிப்பேரலை

2004 திசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் பணிபுரிந்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசினார். ஊரார் பூட்டியிருந்த அறிவு மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் எச்சரித்தனர். சுமார் 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் வீடுகளும் படகுகளும் அழிந்தன, உயிரிழப்பு ஏற்படவில்லை.

எச்சரிக்கை வந்தது தொலைபேசியில். வானொலி அலையில் அன்று. ஆனால் கடலின் நிலையை நாள்தோறும் ஒலிபெருக்கியில் கேட்டுப் பழகியிருந்ததால், ஊரார் அந்தக் குரலை உடனே நம்பி வெளியேறினர்.

பிற்காலம்

கைபேசி பரவியதும் சிற்றூர் மையங்களுக்கு இருவழி வானொலியின் தேவை குறைந்தது. கடலில் அதன் இடம் குறையவில்லை. கரையிலிருந்து விலகிச் சென்றால் கைபேசி அலை கிடைக்காது, அங்கு 156.8 மெகா ஹெர்ட்சில் இயங்கும் 16ஆம் அலைவரிசையே இன்றும் உலகெங்கும் ஆபத்துக்கால அழைப்புக்கு உரியதாக உள்ளது.