இருவர் வரவு, ஒருவர் செலவு: துணையை இழந்த வீட்டின் கணக்கு

கணவனும் மனைவியுமாக இருவர் வாழ்ந்த வீட்டில் ஒருவர் இறந்தபின், எஞ்சியவர் அதே நிலையில் வாழ எவ்வளவு பணம் வேண்டும்? ஆள் ஒன்று குறைந்ததால் செலவும் பாதியாகும் என்பது பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உறவினர் போடும் கணக்கு. மொத்தச் செலவைத் தலைக்கு இத்தனை என வகுத்து வறுமையை அளந்த புள்ளியியலும் அதே கணக்கைத்தான் போட்டது. அந்தக் கணக்கு தவறானது. தனித்து விடப்பட்ட மூத்த பெண்களின் கஷ்டத்தில் ஒரு பகுதி அந்தத் தவறிலிருந்தே வருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அரிசி, பால், காய்கறிச் செலவு ஏறக்குறைய பாதியாகும். வீட்டுவரியும் வாடகையும் பாதியாகாது. குளிர்சாதனப் பெட்டி ஒருவருக்காகவும் அதே மின்சாரத்தைத்தான் இழுக்கும். ஒழுகும் கூரை, உள்ளே எத்தனை பேர் என்று பார்த்து ஒழுகுவதில்லை. சில செலவுகள் கூடவும் செய்யும். வங்கிக்கும் மருந்துக் கடைக்கும் அவர் ஸ்கூட்டரில் போய்வந்தார்; இப்போது ஒவ்வொரு முறையும் ஆட்டோ பிடிக்க வேண்டும்.

இந்தப் பகிர முடியாத செலவுகளைக் கணக்கில் கொள்ளவே பொருளியலாளர்கள் சமன் அளவுகோல்களை வகுத்தார்கள். பழைய ஆக்ஸ்ஃபோர்டு அளவுகோல் முதல் பெரியவருக்கு 1, இரண்டாமவருக்கு 0.7 என மதிப்பிடுகிறது. அதன்படி எஞ்சியவருக்கு முந்தைய செலவில் 59 விழுக்காடு வேண்டும். பின்னர் திருத்தப்பட்ட அளவுகோலில் இரண்டாமவரின் மதிப்பு 0.5, அப்போது தேவை 67 விழுக்காடு. ஆட்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் காணும் முறையில் 71. எந்த அளவுகோலிலும் விடை 50 அல்ல. வரவில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கே போகும் வீட்டுக்கு முதல் அளவுகோல் ஓரளவு பொருந்தலாம். வாடகையும் மருந்தும் முன்னிற்கும் இன்றைய நகரத்து முதியவருக்குப் பின்னிரண்டுமே பொருத்தமானவை என்று கருதுகிறேன்.

இனி வரவைப் பார்ப்போம். 2004 ஜனவரி 1-க்கு முன் பணியில் சேர்ந்த மத்திய அரசு ஊழியர் ஒருவர் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்று கொள்வோம். ஓய்வூதியம் அதில் பாதி, 30,000. பெரும்பாலோர் செய்வதுபோல அவரும் கம்யூட்டேஷனில் 40 விழுக்காட்டை மொத்தத் தொகையாக வாங்கிக்கொண்டால், மாதந்தோறும் 18,000 ரூபாயும், முழு 30,000-க்கு உரிய அகவிலைப்படியும் கைக்கு வரும். பிடித்தம் நின்று முழு ஓய்வூதியம் திரும்ப 15 ஆண்டுகள் ஆகும்.

அவர் 62 வயதில் இறந்தால் என்ன ஆகும்? கம்யூட்டேஷன் பிடித்தம் குடும்ப ஓய்வூதியத்தைத் தொடாது. ஏழு ஆண்டுகள் முடியும்வரை அல்லது இறந்தவருக்கு 67 வயது நிரம்பியிருக்கக்கூடிய நாள்வரை, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை, மனைவிக்குச் சம்பளத்தில் 50 விழுக்காடு உண்டு. 18,000 வந்த இடத்தில் 30,000 வருகிறது. செலவு சற்றுக் குறைந்து வரவு கூடிய அந்த ஐந்து ஆண்டுகள்தான் ஆபத்தானவை. பேரப்பிள்ளையின் கல்லூரிக் கட்டணமோ மகனுடைய வீட்டுக்கடன் தவணையோ மெல்ல அம்மாவின் பென்ஷனில் வந்து ஏறும். அப்புறம் ஒரு மாதம் ஓய்வூதியம் சம்பளத்தின் 30 விழுக்காட்டுக்கு, அதாவது 18,000-க்கு இறங்கும். அகவிலைப்படியும் அதே விகிதத்தில் குறையும். வரவில் ஒரே நாளில் 40 விழுக்காடு போகிறது. ஏற்றுக்கொண்ட பொறுப்புகள் அப்படியே நிற்கின்றன.

துணையை இழந்தவர் தன் மாதக் கணக்கை முதல் மாதத்திலிருந்தே இந்த 30 விழுக்காட்டின் மேல்தான் கட்ட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். மீதியைத் தன் பெயரில் தனி வைப்பாகப் போட்டு வைப்பது நல்லது. கூடுதல் விகிதம் எந்தத் தேதிவரை என்பது ஓய்வூதியக் கொடுப்பாணையில் குறிக்கப்பட்டிருக்கும். கணவர் உயிரோடு இருக்கும்போதே அந்த ஆணையை இருவரும் சேர்ந்து வாசித்த வீடுகள் எத்தனை?

இறப்பு பிந்தினால் கதை வேறு. கணவர் 78 வயதில் இறந்தால், பிடித்தம் நின்று மூன்று ஆண்டுகளாக முழு 30,000 வந்து பழகிய வீடு உடனே 18,000-க்கு இறங்க வேண்டும். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்திலும் எஞ்சியவருக்கு அதே 60 விழுக்காடுதான். மேலே கண்ட 67, 71 இரண்டுக்கும் இது கீழே. நம் எடுத்துக்காட்டில் துண்டு விழுவது, அகவிலைப்படி நீங்கலாக, மாதம் 2,000 முதல் 3,200 ரூபாய்வரை. முதியவர் ஒருவரின் மாத மருந்துச் செலவுக்கு நிகரான தொகை அது.

மனைவி முதலில் இறந்தால் ஓய்வூதியம் ஒரு ரூபாயும் குறையாது. ஆனால் அதுவரை விலையில்லாமல் நடந்த சமையலும் துவைப்பும் பராமரிப்பும் செலவுக் கணக்கில் ஏறும். ஒருவர் தன் வீட்டுப் பணிப்பெண்ணையே மணந்துகொண்டால் தேசிய வருமானம் குறைந்துவிடும் என்று பொருளியலாளர் பிகு சுட்டினார். வேலை அப்படியே இருக்க, கூலி மட்டும் மறைகிறது. மனைவியை இழந்தவரின் வீட்டில் மறைந்திருந்த அந்தக் கூலி வெளியே வருகிறது.

ஓய்வூதியம் உள்ள வீடுகள் சிறுபான்மை. கிராமத்தில் கூலிக்குப் போய்ப் பிழைக்கும் விதவைக்கு இந்தக் கணக்கே ஆடம்பரம். ழான் ட்ரேஸும் பி. வி. சீனிவாசனும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு, தலைக்கணக்கில் பார்த்தால் இந்தியக் கிராமத்து விதவைகளின் குடும்பங்கள் பிறரைவிட ஏழையாகத் தெரிவதில்லை என்றும், சிறு குடும்பத்துக்குத் தலைக்குச் செலவு கூடும் என்பதைச் சேர்த்தவுடன் அவர்களின், குறிப்பாகத் தனித்து வாழ்பவர்களின், வறுமை மேலெழுந்து வருகிறது என்றும் காட்டியது. அளவுகோல் தவறாக இருந்ததால் அவர்களுடைய வறுமை கண்ணில் படாமலே போனது. 40 முதல் 79 வயதுவரையுள்ள விதவைக்கு மத்திய அரசின் இந்திரா காந்தி விதவை ஓய்வூதியத் திட்டம் தரும் பங்கு மாதம் 300 ரூபாய். தமிழ்நாடு 2023-இல் ஆதரவற்ற விதவையர் உதவித்தொகையை 1,200 ஆக உயர்த்தியது. எந்த அளவுகோலாலும் இதை ஒருவரின் வாழ்க்கைச் செலவு என்று சொல்ல முடியாது.

அரசு ஊழியர் விதிகளில் ஒரு திருத்தத்துக்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. 80 வயது நிறைந்ததும் குடும்ப ஓய்வூதியத்துடன் 20 விழுக்காடு கூடுகிறது. நம் எடுத்துக்காட்டில் 18,000 அப்போது 21,600 ஆகிறது, அதாவது பழைய 30,000-இல் 72 விழுக்காடு. அளவுகோல்கள் கேட்கும் தொகை அங்கே வந்து சேர்கிறது. ஆனால் வயதைப் பார்த்து வருகிறது, இழப்பைப் பார்த்து வருவதில்லை. 68 வயதில் இறந்தவரின் மனைவிக்கு 62 வயது என்றால், அந்தத் தொகைக்கு அவர் 18 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்த 20 விழுக்காட்டைக் கூடுதல் விகிதம் முடியும் நாளிலிருந்தே தருவதுதான் நியாயம்.