மெதுவான சைக்கிள் ஓட்டமும் வல்லைவெளிக் காற்றும்

எமது கல்லூரியின் பழைய மாணவிகள் சங்கம் தனது நூறாவது ஆண்டைக் காணும் இவ்வேளையில், மலர்க்குழுவினர் எம்மிடம் விளையாட்டுத்துறை பற்றி ஒரு கட்டுரை கேட்டிருந்தனர். வலைப்பந்தாட்டம் பற்றியும் மெய்வல்லுநர் போட்டிகள் பற்றியும் எம்மிலும் தகுதியானவர்கள் இம்மலரிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆகையால் கல்லூரியின் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாத ஒரு விளையாட்டை நாம் எடுத்துக்கொண்டோம். அது சைக்கிள்.

எழுதும் நாம் நால்வர். 1994இல் க.பொ.த. உயர்தரம் எழுதிய வகுப்பினர். இப்போது ஒருவர் யாழ்ப்பாணத்திலும் ஒருவர் கொழும்பிலும் இருவர் கடல் கடந்தும் இருக்கிறோம். தொலைபேசியிற் பேசிப் பேசி எழுதியமையால், சில இடங்களில் நாம் ஒருவரோடொருவர் வாதிடுவது வாசகர்களுக்குக் கேட்கக்கூடும். பொறுத்தருள்க.

எம் அம்மம்மாமார் இக்கல்லூரிக்குத் திரைச்சீலை கட்டிய மாட்டுவண்டியில் வந்தவர்கள். அம்மாமார் நடந்தும் பஸ்ஸிலும் வந்தார்கள். ஐயா வைத்திருந்த ரலியோ ஹம்பரோ வீட்டு விறாந்தையில் நிற்கும். அதைத் துடைப்பது பெண்பிள்ளைகளின் வேலை, ஓடுவது அண்ணன்மாரின் வேலை. எழுபதுகளில் பார் இல்லாத சைக்கிள்கள் ஊருக்குள் கூடியபோதுதான் எம் அக்காமார் சிலர் வெள்ளைச் சீருடையுடன் கல்லூரி வாசலில் வந்து இறங்கினார்கள். அதையும் ஒழுங்கையால் வந்து, பெரிய வீதியை உருட்டிக்கொண்டு கடந்து, மறுபடி ஒழுங்கைக்குள் ஏறி ஓடவேண்டும் என்பது சில வீடுகளிற் சட்டம்.

இல்ல விளையாட்டுப் போட்டியிலும் ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவிலும் பெண்களுக்கென்று ஒரு சைக்கிள் நிகழ்ச்சி இருந்தது. மெதுவான சைக்கிள் ஓட்டம். இளைய தலைமுறையினருக்காக விளக்கிவிடுகிறோம்: கோட்டிலிருந்து கோட்டுக்கு, காலை நிலத்தில் ஊன்றாமல், தன் பாதையை விட்டு விலகாமல் ஓடவேண்டும், யார் கடைசியாக வந்து சேருகிறாரோ அவருக்கே முதற்பரிசு. உண்மையில் இது கடினமான கலைதான். பிறேக்கைத் தொட்டும் தொடாமலும் ஹான்டிலை அசைத்து அசைத்து நிற்கத் தெரியவேண்டும். எங்களில் ஒருவர் அதில் மூன்று வருடம் தொடர்ந்து வென்றவர், அதை இங்கே குறைத்து எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆயினும் அதே விழாவில் ஆண்களின் நிகழ்ச்சி ஊர்சுற்றிப் பல மைல் ஓடும் வீதி ஓட்டமாகவும், எங்களுடையது கயிறு கட்டிய மைதானத்துள் யார் பிந்துவது என்பதாகவும் இருந்தது. அந்த நாட்களில் அதில் எங்களுக்கு எந்தப் பிழையும் தெரியவில்லை.

பிறகு 1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியது. மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல் வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெயில் ஓடிய சில வாகனங்களைத் தவிர யாழ்ப்பாணத்தின் வீதிகள் முழுவதும் சைக்கிளின் கைக்கு வந்தன. நோயாளியைக் கொண்டுபோனதும், விறகு, நெல்மூட்டை, வாழைக்குலை கொண்டுபோனதும், கலியாண மாப்பிள்ளை வந்ததும் அதில்தான். வானொலி கேட்கவும் அதுவே உதவியது: சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையாற் சுற்றினால் டைனமோ தரும் மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசை வரும். சுற்றுகிற தம்பி களைத்தால் செய்தி பாதியில் நின்றுவிடும். ரயரும் ரியூபும் கிடைப்பது அருமையாகையால், ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு, தேய்ந்த ரயருக்குள் இன்னொரு பழைய ரயர்த்துண்டை வைத்து ஓடினோம். ஒட்டுப்போடத் தெரியாத மாணவி எங்கள் வகுப்பில் ஒருத்தியும் இருக்கவில்லை.

உருட்டிக்கொண்டு வீதியைக் கடக்கும் சட்டம் எப்போது போனது என்று யாரும் கவனிக்கவில்லை. ரியூசனுக்குப் பத்து மைல் போய் வந்தோம். ஷெல் சத்தம் கேட்டால் வேகமாக ஓடினோம். வேகமாக ஓடுவதைப் பழகிக்கொண்டது அப்படித்தான்.

காற்றுக்கு எதிராக ஓடுவதையும் அப்போதுதான் பழகினோம். வடமராட்சிக்குப் போக வல்லைவெளியைத் தாண்டவேண்டும். மரமும் இல்லை, வீடும் இல்லை. இருபுறமும் தரவையும் நீரும். சோளகம் வீசும் மாதங்களில் அங்கே எதிர்க்காற்றில் ஓடுவது ஒருவர் பின்னாலிருந்து கரியரைப் பிடித்து இழுப்பது போலிருக்கும். மரக்கறி மூட்டை கட்டிக்கொண்டு போகும் வியாபாரிமாருக்கு ஒரு முறை இருந்தது. ஒருவர் பின் ஒருவராக, முன்னவரின் பின்சில்லை ஏறக்குறைய முட்டுமாப்போல ஓடுவார்கள். முன்னால் இருப்பவர் காற்றை வெட்டிக் கொடுக்கிறார்; பின்னால் வருபவர் அரைவாசி மூச்சில் ஓடலாம். சற்றுத் தூரத்தில் முன்னவர் விலகிக் கடைசிக்குப் போக, அடுத்தவர் முன்னுக்கு வருவார். ஐரோப்பாவில் நடக்கும் பெரிய சைக்கிள் ஓட்டங்களின் அடிப்படைத் தந்திரமே இதுதான் என்பதை எங்களில் இருவர் வெகுகாலம் கழித்து அங்கே தொலைக்காட்சியிற் கண்டு சிரித்தோம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு பற்றி இம்மலரில் வேறோர் இடத்தில் எழுதப்பட்டுள்ளது. நாம் சொல்வது ஒன்றுதான். வலிகாமத்துச் சனம் முழுவதும் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நெருக்குப்பட்டு நகர்ந்த அந்த இரவில், சைக்கிளை யாரும் ஓடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து உருட்டினோம். கரியரிலும் பாரிலும் ஹான்டிலிலும் தொங்கியவையே அப்போது எங்களுக்கிருந்த வீடு. எங்களில் ஒருத்தியின் கரியரில் அவளுடைய அம்மம்மா இருந்து வந்தா.

இனி 2003க்கு வருகிறோம். போர்நிறுத்தம் வந்து ஒரு வருடம் கடந்திருந்தது. ஏ9 வீதி திறந்து, கொழும்பிலிருந்து புதுச் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் வந்திறங்கிக்கொண்டிருந்த காலம். அயலூர்ச் சனசமூக நிலையம் ஒன்று ஆடி மாதத்தில் விழா எடுத்தது. வழமைபோல ஆண்களுக்கு வீதி ஓட்டம், பெண்களுக்கு மெதுவான ஓட்டம். நாங்கள் அப்போது இருபத்தெட்டு வயதுக்காரிகள். ஒருவர் ஆசிரியை, ஒருவர் வங்கியில், இருவர் கச்சேரியில். மெதுவான ஓட்டத்தில் மூன்று வருடம் வென்றவர்தான் முதலிற் போய்க் கேட்டார்: "அண்ணை, பத்து வருசமா ரோட்டிலை ஓடினனாங்கள். ரோட்டிலை ஒரு போட்டி வைச்சா என்ன?"

நிலையத்தில் இரண்டு கூட்டம் நடந்தது. விழுந்தால் யார் பொறுப்பு, என்ன உடுப்புப் போடுவது, வழியில் காவலரண்கள் உண்டே என்றெல்லாம் பேசினார்கள். இறுதியில், நீர்வேலியிலிருந்து பருத்தித்துறை வீதியால் நெல்லியடிச் சந்திக்குப் போய்த் திரும்புவது என்று முடிவாயிற்று. போக வர ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். கியர் உள்ள சைக்கிள் கூடாது. பஞ்சாபி உடுப்பும் சோலும் கட்டாயம்.

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு. எமது பதற்றம் ஏதோ யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதல்ல என்று காட்டவே இதை எழுதுகிறோம். நவீன ஒலிம்பிக் தொடங்கிய 1896இலேயே ஏதென்ஸில் ஆண்களுக்கு வீதிச் சைக்கிள் ஓட்டம் நடந்தது. அதற்கு முந்திய வருடம் ஆனி லண்டன்டெரி என்ற பெயரில் பொஸ்ரனிலிருந்து சைக்கிளுடன் உலகஞ்சுற்ற வெளிக்கிட்ட ஒரு பெண்மணி தன் பயணத்தை முடித்திருந்தார். மூன்று பிள்ளைகளின் தாய். கப்பலில் வந்து கொழும்பிலும் இறங்கிப் போனவர். பெண்களால் முடியாது என்று சொல்ல அதன்பிறகு நியாயம் இருந்திருக்காது. ஆனாலும் பெண்களுக்கான உலக வீதி ஓட்டம் 1958இலே, பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில்தான் முதன்முதலாக நடந்தது. லக்சம்பேர்க்கின் எல்சி ஜேகப்ஸ் வென்றார். ஒலிம்பிக்கில் 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் லொஸ் ஏஞ்சல்ஸில் ஆண்களுக்கு 190 கிலோமீற்றரும் பெண்களுக்கு 79 கிலோமீற்றரும் கொடுத்தார்கள்.

எங்களுக்கு மிகவும் பிடித்தவர் இத்தாலியின் அல்போன்சினா ஸ்ராடா. 1924இல் ஆண்களின் ஜிரோ ஓட்டத்தில் அவரும் ஓடினார். மழையிலும் காற்றிலும் விழுந்தெழும்பி, ஹான்டில் முறிய அதற்குத் தும்புத்தடியை வைத்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார் என்று சொல்வார்கள். அன்று நேரம் பிந்திவிட்டமையால் அவரைத் தரவரிசையிலிருந்து நீக்கினார்கள். ஆனால் தொடர்ந்து ஓட விட்டார்கள். அவரும் மிலான் வரை ஓடி முடித்தார். முடித்தவர்களின் பட்டியலில் அவருக்கு இலக்கம் இல்லை. இவ்விடயத்துக்குப் பிறகு வருவோம்.

போட்டிக்கு முதல்நாள் எங்கள் சைக்கிள்களின் மட்காட், கூடை, டைனமோ, கரியர் எல்லாவற்றையும் கழற்றிப் பாரத்தைக் குறைத்தோம். அம்மம்மாவைக் கொண்டுவந்தவள் மட்டும், "கரியரைக் கழட்டமாட்டன்" என்று விட்டாள். அம்மம்மா இடம்பெயர்ந்திருந்த இடத்திலேயே மோசம்போனவ. நாங்கள் அதற்குமேல் கேட்கவில்லை.

அன்று காலை பத்தொன்பது பெண்கள் வந்திருந்தார்கள். எங்களுடன் ஐந்தாவதாகக் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியும் சேர்ந்துகொண்டாள். கல்லூரியின் பெயரில் ஓட அனுமதி கேட்டாளாம், கிடைக்கவில்லை. தகப்பனில்லாத பிள்ளை. தமையனின் லுமாலாவில், பாரின் மேலாகக் காலைத் தூக்கிப் போட்டு ஏறி வந்து நின்றாள்.

சோளகக் காலம். நீர்வேலியிலிருந்து நெல்லியடி வடகிழக்கே இருப்பதால் போகும்போது காற்று முதுகில். புத்தூரையும் ஆவரங்காலையும் எப்படிக் கடந்தோம் என்றே தெரியாது. காற்றுத் தந்த வேகத்தைத் தங்கள் கால் தந்ததாக எண்ணிப் பலர் முன்னால் பறந்தார்கள். வல்லை முனியப்பர் கோயிலில் நிற்காமல் போனது எங்கள் வாழ்க்கையில் அதுவே முதற்தடவை. காவலரணில் நின்ற ஆமிக்காரர் தடையைத் தூக்கிவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நெல்லியடியிற் திரும்பியதும் கணக்குத் தீர்க்கும் நேரம் வந்தது. பறந்து போனவர்கள் ஒவ்வொருவராகத் தளர்ந்தார்கள். நாங்கள் ஐவரும் வியாபாரிமாரின் முறைப்படி ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்தோம். மூன்று கம்பத்துக்கு ஒருத்தி முன்னுக்கு. பேச்சில்லை. வல்லைப் பாலத்தை அண்மித்தபோது எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் மாத்திரமே இருந்தார்கள். அப்போதுதான் இரண்டாவதாக வந்தவளின் சோல் காற்றிற் கழன்று செயினுக்குள் சுற்றிக்கொண்டது. அவள் விழ, பின்னால் வந்தவள் அவளின்மேல் விழுந்தாள். கரியர் வைத்திருந்தவள் கடைசியில் வந்தபடியால் தப்பினாள், ஆனால் நிறுத்திவிட்டாள். முன்னுக்கு ஓடிக்கொண்டிருந்த சின்னவள் திரும்பிப் பார்த்துப் பிறேக்கைப் பிடித்தாள்.

முழங்கால் தோல் உரிந்து ரோட்டில் இருந்தபடியே நாங்கள் கத்தியது அவளுக்குக் காற்றிற் கேட்டதோ தெரியாது. "நிக்காதை, போடி!" கையைக் காட்டினோம். அவள் போனாள். அங்கிருந்து நீர்வேலிவரை முழுக் காற்றையும் தனியே வெட்டிக்கொண்டு ஓடி, ஒருத்தியைப் பிடித்துத் தாண்டி, இரண்டாவதாக வந்தாள். நாங்கள் செயினில் அகப்பட்ட சோலைக் கத்தி கடன் வாங்கி வெட்டி எடுத்து, நால்வரும் ஒன்றாகப் பத்தாம், பதினொராம், பன்னிரண்டாம், பதின்மூன்றாம் இடங்களில் வந்தோம். முனியப்பருக்குக் காசு போடாமல் போனதுதான் காரணம் என்று எங்கள் அம்மாமார் அனைவரும் ஒரே முடிவுக்கு வந்தனர்.

ஆண்களுக்கு முதற்பரிசு ஒரு புதுச் சைக்கிள். பெண்களுக்கு முதற்பரிசு குத்துவிளக்கு, இரண்டாம் பரிசு எவர்சில்வர் குடம். அந்தக் குடத்தைக் கரியர் உள்ள சைக்கிளிற் கட்டித்தான் அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கரியரைக் கழற்றாதவள் அன்று முழுதும் அதைச் சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனையில் அவளைக் கூப்பிட்டுப் பாராட்டுவார்கள் என்று நாம் எண்ணியிருந்தோம். அனுமதியில்லாமல் வீதியில் ஓடியதற்கு அவளிடம் விளக்கக் கடிதம் வாங்கினார்கள். அந்த வருடச் சஞ்சிகையின் விளையாட்டு அறிக்கையில் அவளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அக்காலத்துப் பயம் எங்களுக்கும் விளங்காததல்ல. பெண்பிள்ளைகளைப் பொறுப்பெடுத்தவர்கள் அன்று எதையெல்லாம் எண்ணிப் பயந்தார்கள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடுத்த வருட இல்ல விளையாட்டுப் போட்டியிலும் மெதுவான சைக்கிள் ஓட்டத்தையே வைத்தார்கள். அவள் அதற்குப் பெயர் கொடுக்கவில்லை.

நூற்றாண்டை முன்னிட்டு மண்டபத்தில் மாட்டவிருக்கும் விளையாட்டு வீராங்கனைகளின் பெயர்ப்பலகைக்கான பட்டியலை மலர்க்குழு எமக்கும் அனுப்பியிருந்தது. 2003க்கு நேரே இரண்டு பெயர்கள் உள்ளன; இருவரும் தகுதியானவர்களே. மூன்றாவது பெயருக்கு இடம் இருக்கிறது. அது கல்லூரியின் போட்டி அல்லவே என்று எமக்குப் பதில் வந்தது. கல்லூரிப் பெயரில் ஓடக் கேட்டவள் அவள் என்பதை எழுத்தில் தெரிவித்திருக்கிறோம். பலகை எழுத இன்னும் கொடுக்கப்படவில்லை என்றும் அறிகிறோம். இதை வாசிக்கும் 2003, 2004 வகுப்பு மாணவியர் தத்தம் கிளைச் சங்கங்களினூடாக ஒரு வரி எழுதி உதவினால் நன்று.

அவளுடைய பெயரை இங்கே நாம் எழுதாதது அவள் கேட்டுக்கொண்டதனால். பலகையில் வந்தால் வரட்டும், கட்டுரையில் வேண்டாம் என்றாள். குடம் இன்னும் அவள் அம்மாவின் கிணற்றடியில் இருக்கிறது. கழுத்தில் பொறித்த எழுத்துகளில் "பெண்கள்" என்பதும் "2ஆம் இடம்" என்பதும் இப்போதும் வாசிக்கக்கூடியதாய் உள்ளன.