மூன்று கல்

மரக்காணத்தில் கல் என்றால் உப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் பேருந்துச் சன்னலோரம் பார்த்துவிட்டுப் போகும் வெள்ளைக் குவியல்கள், கல்லுப்பு. வாட்ச் ரிப்பேர் மேசையில் அதே சொல்லுக்கு வேறு இரண்டு பொருள் உண்டு. ‘பதினேழு கல் வாட்ச்’ என்பதில் வரும் கல் ஒன்று; செல்லில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சுக்குள் இருக்கும் கல் இன்னொன்று. சாவி வாட்சையும் செல் வாட்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. வாட்சின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று உப்புக் காற்று படிப்பதில்லை. நேரே உள்ளே போகப் பார்க்கிறது.

சாவி வாட்சுக்கு எச்.எம்.டி. ஜனதாவை எடுத்துக்கொள்கிறேன். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து 1961இல் பெங்களூரில் தொடங்கிய வாட்ச் தொழிற்சாலையின் பிள்ளை அது. ‘17 ஜூவல்ஸ்’ என்பதைப் படித்துவிட்டு, உள்ளே பதினேழு ரத்தினம் இருப்பதாக நம்பியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். இருப்பது செயற்கை மாணிக்கம். உலையில் உருக்கி வளர்க்கும் கல். அந்த முறையை 1902இல் வெர்னோய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் வெளியிட்ட பிறகு அதன் விலை மளமளவென இறங்கிவிட்டது. சக்கரத்தின் அச்சுமுனை உலோகத் துளையில் சுழன்றால் நாளடைவில் துளை தேய்ந்து அகலும். கடினமும் வழவழப்பும் உள்ள கல்லில் துளையிட்டு அதற்குள் சுழலவிட்டால் தேயாது, எண்ணெயும் நிற்கும். நகை என்று பெயர், வேலை பேரிங்குடையது. கையால் சாவி கொடுக்கும் சாதாரண வாட்சுக்குப் பதினேழு தாராளம். அதற்கு மேல் எழுதியிருந்தால் எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று கேட்பது நல்லது.

செல் வாட்சில் கல்தான் தாளம் போடுகிறது. சின்ன இசைக்கவை வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் படிகம், மின்சாரம் பட்டதும் விநாடிக்கு 32,768 முறை அதிரும். இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வரும் எண் அது. எனவே பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரே ஒரு துடிப்பு மிஞ்சும். அதை வாங்கிக்கொண்டு குட்டி மோட்டார் ஒன்று முள்ளை ஓர் அடி தள்ளும். ஜனதாவில் பாலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 முறை, அதாவது விநாடிக்கு ஐந்து முறை, தட்டும். அதனால் அதன் நொடி முள் ஊர்ந்து போவதுபோலத் தெரிகிறது. குவார்ட்ஸ் முள் குதிக்கிறது. பிசகிலும் அதே தூரம்தான். சாவி வாட்ச் ஒரு நாளில் தவறவிடும் அளவை நல்ல குவார்ட்ஸ் ஒரு மாதத்திலும் தவறவிடாது. முன்பெல்லாம் வானொலிச் செய்திக்கு முன் வரும் ‘பிப்’ ஒலிக்கு வாட்சைத் திருத்தி வைப்பது வீட்டில் ஒரு சடங்கு. செல் வந்ததும் அது போயிற்று.

குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை 1969 டிசம்பர் 25 அன்று முதலில் கடைக்குக் கொண்டுவந்தது சீகோ. நம் பக்கம் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை வைத்து, ஆரம்பம் முதலே குவார்ட்ஸை நம்பியது.

சொற்கள் மட்டும் அவ்வளவு வேகமாக மாறவில்லை. செல் வாட்சின் பக்கத்தில் இருக்கும் திருகையும் ‘சாவி’ என்றுதான் சொல்கிறோம். அதைத் திருகி யாரும் எதையும் முறுக்குவதில்லை. பார்க்கப்போனால் ஜனதாவிலும் சாவி கிடையாது. சட்டைப்பை வாட்சுகளுக்குத் தனிச் சாவி இருந்தது. திருகியே முறுக்கும் ஏற்பாட்டை 1840களில் அட்ரியன் பிலிப் என்ற கடிகாரக்காரர் செய்து காட்டினார். நொடியும் பழைய சொல்தான், விரலைச் சொடுக்கும் நேரம். விநாடியோ நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு, இன்றைய கணக்கில் 24 விநாடி. அதைச் சுருக்கி ஆங்கில அளவுக்குள் அடைத்துவிட்டோம். யாரும் புகார் சொல்லவில்லை.

ஆனால் உப்பளக் கரையில் இந்த வித்தியாசங்கள் எல்லாம் இரண்டாம் பட்சம். இங்கே படிக்க வேண்டியது பின்மூடி. ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்றிருந்தால் மூடி மட்டும்தான் எஃகு. உடல் பெரும்பாலும் பித்தளை, மேலே குரோமியப் பூச்சு. வியர்வையும் உப்பும் பூச்சைத் துளைத்ததும், பட்டை மாட்டும் காதோரங்களில் பச்சை பூக்கும். முழு எஃகு என்றாலும் எந்த எஃகு என்ற கேள்வி உண்டு. 316எல் வகையில் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பு அதில் எளிதில் குழி பறிக்காது.

அடுத்தது தண்ணீர். ‘வாட்டர் ரெசிஸ்டன்ட் 30 மீ’ என்பதைப் படித்து முப்பது மீட்டர் முங்கலாம் என்று எண்ணினால் வாட்ச் போய்விடும். அது அசையாத நீரின் அழுத்தத்தைக் குறிக்கும் எண். கை கழுவலாம், மழையில் நனையலாம், அவ்வளவுதான். முங்குகிறவர்களுக்கு ஐஎஸ்ஓ 6425 என்ற தனித் தரமே இருக்கிறது. உப்பளத்தில் உப்புநீரின் அடர்த்தி 25 டிகிரி என்றால் அது 25 டிகிரிதான். மூன்று, மூன்றரையில் வரும் கடல்நீர் பாத்தி பாத்தியாக வெயிலில் சுண்டி ஏறக்குறைய 25ஐத் தொடும்போது உப்பு கட்டத் தொடங்கும். அடர்த்திமானி சொல்வதை நம்பி உப்பு வாரும் பலகையை எடுக்கலாம். வாட்சின் எண்ணுக்கு அந்த நாணயம் இல்லை.

இரண்டு வாட்சும் ஒன்றாகிவிடும் இடம் சாவித் தண்டு. அது நுழையும் துளை இரண்டுக்கும் பொது. அதைக் காப்பது ஒரு ரப்பர் வளையம். அங்கே படியும் உப்புநீர் காய்ந்து சின்னச் சின்னக் கல்லாகும். திருகும்போதெல்லாம் அந்தக் கல் வளையத்தை அரைக்கும். பிறகு ஈரம் உள்ளே போய்த் தண்டு துருவேறும். “சாவி இறுகிப்போச்சுண்ணே” என்று கொண்டுவருகிறவரின் வாட்சுக்குள் பதினேழு கல்லும் சுத்தமாக இருக்கும், குவார்ட்ஸும் அதிரத் தயாராக இருக்கும். மூன்றாவது கல் வேலையை முடித்திருக்கும்.

இதில் செல் வாட்சுக்கு ஓர் ஆபத்து அதிகம். சில வருடத்துக்கு ஒருமுறை செல் மாற்ற மூடியைத் திறந்தே ஆக வேண்டும். திறக்கும்போது பின்மூடி வளையம் நெளிந்தால் பழைய அடைப்பு திரும்ப வராது. அவசரத்தில் பழைய வளையத்தையே வைத்து மூடிக் கொடுத்துவிடுவார்கள். செல்லோடு வளையத்தையும் மாற்றச் சொல்லுங்கள். கேட்டால்தான் மாற்றுவார்கள்.