கச்சானும் வெல்லமும்: மலைநாட்டு ஊட்ட வரலாற்றில் ஒரு நோக்கு

அரசர்தம் வெற்றி தோல்விகளையும் தலைநகர்களின் எழுச்சி வீழ்ச்சிகளையும் கூறுவதே வரலாறு எனக் கொண்டது பழைய வழக்கு. மக்கள் உண்ட உணவு யாது, அஃது எங்கிருந்து வந்தது, அவர்தம் உடலை அது வளர்த்ததா வாட்டியதா என்று வினவுதலும் வரலாற்றாசிரியரின் கடமையென்பது இன்று ஒப்பமுடிந்த கருத்தாகும். இந்நோக்குடன் ஆராயுமிடத்து, கோயில் வீதியிலும் கடைத்தெருவிலும் சில்லறைக் காசுக்கு விற்கப்படும் கடலை மிட்டாய் என்னும் எளிய பண்டமும் பெரியதொரு வரலாற்றைத் தன்னுள் அடக்கியிருத்தல் புலனாகும்.

கம்பளை நகரம் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற இடமாகும். பதினான்காம் நூற்றாண்டில் நாலாம் புவனேகபாகுவின் காலத்தில் இலங்கையின் தலைநகராய் விளங்கிய இந்நகர், ஐந்நூறு ஆண்டுகளின்பின் வேறொரு வகையிற் புகழெய்தியது. 1824ஆம் ஆண்டளவில் ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் கம்பளையை அடுத்த சிங்கபிட்டியிற் கோப்பித் தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். இலங்கையில் வாணிப நோக்குடன் எழுந்த முதற் கோப்பித் தோட்டங்களுள் அஃது ஒன்று. அதனைத் தொடர்ந்து மலைச்சாரல்களெங்கும் தோட்டங்கள் பெருகின. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள் ஆயிரமாயிரமாக வந்து இம்மலைகளைத் திருத்தினர். 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தது. அதனிடத்தைத் தேயிலை பற்றியது. பயிர் மாறிற்று, உழைத்த மக்கள் மாறிலர்.

தோட்டத்து உணவு

ஊரிலிருந்தபோது அம்மக்கள் கம்பு, கேழ்வரகு, சோளம் முதலிய புன்செய்த் தானியங்களையும் பயறு வகைகளையும் உண்டவர்கள். மலைநாட்டுக்கு வந்தபின் அவர்தம் உணவு பெரும்பாலும் இறக்குமதியான அரிசியாயிற்று. தோட்ட நிருவாகம் அரிசியை அளந்து கொடுத்து, அதன் விலையைக் கூலியிற் கழித்துக்கொண்டது. 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் கூலியையும் அரிசியையும் இணைத்தே வகுத்தது. பிற்காலத்திற் கோதுமை மாவும் அரிசியோடு சேர்ந்தது. வயிறு நிறைந்ததெனினும், தீட்டிய அரிசியும் வெள்ளை மாவும் தருவன பெரும்பாலும் மாப்பொருளே. வெட்டும் கொழுந்தெடுப்புமாய் மலையேறி இறங்கும் உடலுக்கும், வளரும் பிள்ளைக்கும் வேண்டிய புரதமும் கொழுப்பும் விற்றமின்களும் அவற்றிற் போதா.

வெளியிலிருந்து வரும் உணவையே நம்பி வாழ்வோரின் நிலை எத்துணை நொய்தானது என்பதை 1973, 1974ஆம் ஆண்டுகள் காட்டின. அரிசியும் மாவும் பங்கீட்டிற் குறைக்கப்பட்டு விலை உயர்ந்தபோது, பயிரிடச் சொந்த நிலமற்ற தோட்ட மக்களே பெரிதும் வருந்தினர். பட்டினிச் சாவுகளும் நிகழ்ந்தன. அத்துன்பத்தின் சுவடு இன்னும் முற்றாக அழியவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் எய்தாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேராக இருக்க, தோட்டப்புறத்தில் நூற்றுக்கு 32 பேராக இருந்தனர். ஏறத்தாழ இருமடங்கான இவ்வேறுபாட்டுக்கு வறுமை, நோய், தாயின் உடல்நலம் எனக் காரணம் பலவாயினும், உணவின் தன்மையும் அவற்றுள் ஒன்றென்பது மறுத்தற்கரிது.

கச்சானின் வரவு

இத்தகைய உணவின் நடுவே பயறின் வலிமையையும் எண்ணெய் வித்தின் செழுமையையும் ஒருங்கே தருவது நிலக்கடலை. தமிழர் இதனை மிகப் பழமையானதென எண்ணுதல் கூடும்; உண்மையில் அது தென்னமெரிக்காவிற் பிறந்த செடியாகும். பொலிவியாவின் தென்பகுதியும் ஆர்செந்தீனாவின் வடமேற்கும் அதன் தாயகம் என்பர் தாவரவியலார். ஐரோப்பியர் அமெரிக்காவை அடையுமுன்பே அங்குள்ள பழங்குடிகள் அதனைப் பயிரிட்டனர். பதினாறாம் நூற்றாண்டு முதல் போர்த்துக்கேயர் முதலிய ஐரோப்பியரின் கப்பல்கள் அதனை ஆபிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் கொண்டு சென்றன.

வந்த விருந்தினருக்குத் தமிழ்மக்கள் இட்ட பெயர்களே அதன் கதையைச் சொல்லும். கொண்டைக்கடலைக்கு முன்னரே வழங்கிய கடலை என்னும் பெயர், மண்ணினுள்ளே காய்க்கும் இயல்பு நோக்கி நிலக்கடலை என்றும் வேர்க்கடலை என்றும் விரிந்தது. ஆர்க்காட்டுப் பகுதியில் அது மணிலாக்கொட்டை எனப்பட்டு, பேச்சுவழக்கில் மல்லாட்டை எனத் திரிந்தது. பிலிப்பைன் தீவுகளின் தலைநகர்ப் பெயர் இவ்வாறு உழவர் நாவில் நிலைத்தது. ஈழத்திலோ அது கச்சான் ஆயிற்று. சிங்கள மக்கள் அதனை ரட்டகஜு, அதாவது பிறநாட்டு முந்திரி என்றனர். வேர்க்கடலை எனப்படினும் அது வேரில் விளைவதன்று. மலர் கருவுற்றபின் அதன் அடியிலிருந்து ஒரு காம்பு கீழ்நோக்கி வளர்ந்து மண்ணைத் துளைத்துச் சென்று அங்கே காயாகின்றது. அது கொட்டை இனத்தைச் சேர்ந்ததுமன்று, அவரையினத்ததே. அதன் புரதச் செழுமைக்கு இதுவே காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரான்சிய எண்ணெய், சவர்க்காரத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய நிலக்கடலை புதுச்சேரித் துறைமுகத்தினூடாக மார்செய் நகருக்கு ஏற்றுமதியாயிற்று. அவ்வாணிபத்தாற் தமிழ்நாட்டுப் புன்செய் நிலங்களில் அப்பயிர் விரைந்து பரவியது. எள்ளையும் பாகையும் சேர்த்து எள்ளுருண்டை பிடித்த கைகளுக்குப் புதிய வித்தையும் அவ்வாறே பிடித்தல் அரிதாயிருக்கவில்லை. கரிசல் நிலத்துக் கோவிற்பட்டி இக்கலையிற் பெயர்பெற்றது. கோவிற்பட்டிக் கடலை மிட்டாய் 2020இற் புவிசார் குறியீடு பெற்றது. ஈழத்தின் வடபாகத்திற் கச்சான் அல்வா என்னும் பெயரில் அதே பண்டம் வழங்குகின்றது. தேயிலை மலைகளின் ஈரமும் குளிரும் கச்சானுக்கு ஏற்றனவல்ல. மொனராகலை, அம்பாறை, புத்தளம், வவுனியா முதலிய வறண்ட வலயத்து மாவட்டங்களிலிருந்தே அது மலைநாட்டுச் சந்தைகளுக்கு வருகின்றது. மாரியம்மன் திருவிழாவிற் கச்சான் கடை இல்லாதிருத்தல் அரிது.

ஊட்டப் பொருள்கள்

இனி இப்பண்டத்தின் உட்பொருளை நோக்குவோம். 100 கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 26 கிராம் புரதமும் 49 கிராம் கொழுப்பும் 16 கிராம் காபோவைதரேற்றும் உள்ளன. அதன் சத்தி 567 கலோரி. காபோவைதரேற்றுள் 8 கிராமுக்கு மேல் நார்ப்பொருளாகும். கொழுப்பிற் பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பாதலின் நெஞ்சுக்கு இசைந்தது. நையசின் என்னும் விற்றமின் 12 மில்லிகிராம் உண்டு. வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய 16 மில்லிகிராமில் அது முக்காற் பங்கு. மகனீசியம், பொசுபரசு, நாகம், போலேற்று, விற்றமின் ஈ என்பனவும் தக்க அளவில் உள. ஆயின் விற்றமின் ஏயும் சீயும் அதில் இல்லையென்றே கூறலாம். தயமின் மிகுதியாக இருப்பினும் வறுக்கும்போது அதிற் பெரும்பகுதி அழிந்துவிடும். புரதத்திலும் இலைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. ஆகவே நிலக்கடலை சிறந்த உணவேயெனினும் முழுமையான உணவன்று.

வெல்லம் பெரும்பாலும் சர்க்கரையே. சிறிதளவு இரும்பு முதலிய உப்புக்கள் அதிற் கலந்திருக்கும். எனவே மிட்டாயின் பெறுமதி முழுவதும் இவ்விரண்டையும் சேர்க்கும் விகிதத்திலேயே தங்கியுள்ளது. கடலை இருபங்கும் வெல்லம் ஒருபங்குமாகச் சேர்த்தால், 100 கிராம் மிட்டாயில் ஏறத்தாழ 17 கிராம் புரதமும் 505 கலோரியும் அமையும். இரண்டும் சமமாயின் புரதம் 13 கிராம், கலோரி 475. வெல்லம் இருபங்காகவும் கடலை ஒருபங்காகவும் மாறினால் புரதம் எட்டரைக் கிராமாகத் தாழும். கலோரியோ 445 அளவில் நிற்கும். இங்கு உற்றுநோக்கற்பாலது ஒன்றுண்டு. கலோரி எட்டிலொரு பங்கே குறைய, புரதம் பாதியாகின்றது. இனிப்பைச் சுவைக்கும் நாவும் பசியடங்கும் வயிறும் இவ்விழப்பை அறியா. வளரும் எலும்பும் தசையுமே அறியும். நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 19 கிராம் அளவிற் புரதம் வேண்டும் என்பது அமெரிக்க ஊட்டவியலாரின் கணக்கு. நன்கு செய்த மிட்டாய் 50 கிராம் அதிற் பாதிக்குச் சற்றுக் குறைவாக அளிக்கும். கடலை குறைந்த மிட்டாயோ காற்பங்கையே எட்டும்.

வெண்ணெயாகிய கடலை

அமெரிக்காவில் நிலக்கடலை வேறொரு வடிவெடுத்தது. 1884இல் கனடாவின் மொன்றியல் நகரத்தவரான மார்செலசு எட்சன் என்பார் வறுத்த கடலையைக் களியாக அரைக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். 1895இல் யோன் ஆர்வி கெல்லொக் என்னும் மருத்துவர் மெல்ல இயலாத நோயாளருக்கென அத்தகைய கடலை வெண்ணெய்க்கு உரிமம் கோரினார். நோயாளர் உணவாகத் தொடங்கியது வெகுவிரைவிற் பிள்ளைகளின் உணவாயிற்று. 1928இற் சாக்லேற்றுக் கிண்ணத்துள் கடலை வெண்ணெயை அடக்கிய மிட்டாய் பென்சில்வேனியாவிற் தோன்றியது. அவ்வகை மிட்டாய் 100 கிராமில் 515 கலோரி அளவும் 10 கிராம் புரதமும் உள. சர்க்கரையோ 47 கிராம். பொதியின்மேற் கடலையின் பெயர் விளங்கினும் உள்ளே ஆட்சிசெய்வது சர்க்கரையே. திருவிழாக் கடையின் எளிய கடலை மிட்டாய் நேர்மையாகச் செய்யப்படுமாயின் புரதத்தில் அதனை வெல்லும்.

கடலை வெண்ணெயின் வரலாற்றிற் காந்தியடிகளுக்கும் இடமுண்டு. பாலை விலக்கும் நோன்பு பூண்டிருந்த அவர், 1918இல் கேடா மாவட்டத்தில் ஊரூராக நடந்து உழைத்த காலத்து, நிலக்கடலை வெண்ணெயையும் எலுமிச்சையையுமே பெரிதும் உண்டு வந்தார். அளவு மிஞ்சியமையால் வயிற்றுக்கடுப்பு நோயுற்று இறப்பின் வாயில்வரை சென்றதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே கூறியுள்ளார். பின்னர் ஆட்டுப்பாலை ஏற்றே அவர் நலம்பெற்றார். ஒரு பொருள் எத்துணை நன்றாயினும் அதனை மட்டுமே நம்புதல் கூடாது என்பதற்கு இதுவே தக்க சான்று.

குறையை நிரப்பிய அறிவியல்

பிற்கால ஊட்டவியலாரும் இவ்வுண்மையையே கைக்கொண்டனர். 1950இல் மைசூரில் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், எண்ணெய் பிழிந்த நிலக்கடலை மா முக்காற் பங்கும் கொண்டைக்கடலை மா காற்பங்கும் கலந்து, விற்றமின்களும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்துப் பல்பயன் உணவு என ஒன்றை அமைத்தது. கடலையின் இலைசின் குறையைக் கொண்டைக்கடலை ஓரளவு நிரப்பிற்று. 1996இற் பிரான்சிய மருத்துவர் அந்திரே பிரியாந்தும் தொழிலறிஞர் மிசேல் லெசுகானும் கடலைக் களியோடு பால்மா, சர்க்கரை, எண்ணெய், விற்றமின்கள், உலோக உப்புக்கள் ஆகியவற்றைச் சேர்த்து பிளம்பி நட் என்னும் சிகிச்சை உணவை உருவாக்கினர். 92 கிராம் பொதி ஒன்றில் 500 கலோரி. நீர் சேர்க்கவோ சமைக்கவோ வேண்டாததால், தாய்மார் வீட்டிலேயே ஊட்டலாம். 2005இல் நைசர் நாட்டுப் பஞ்சத்தில் அது பல்லாயிரம் பிள்ளைகளுக்கு அளிக்கப்பட்டது. 2007இல் உலக சுகாதார நிறுவனமும் பிற ஐக்கிய நாடுகள் அமைப்புக்களும் இத்தகைய உணவுகொண்டு வீட்டிலேயே சிகிச்சையளிக்கும் முறையை ஏற்றுப் பரிந்துரைத்தன. நுட்பமாக நோக்கின் அவ்வுணவு கடலை மிட்டாயின் உறவே. குறைந்தவை நிரப்பப்பட்ட கடலை மிட்டாய் எனலாம்.

நஞ்சும் காப்பும்

கச்சானுக்குப் பகையும் உண்டு. 1960இல் இங்கிலாந்தில் ஓரிலக்கத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாது மாண்டன. அவை உண்ட பிரேசில் நாட்டு நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணமே நஞ்சை உண்டாக்கிற்று என்பது ஆராய்ச்சியாற் தெளிவாயிற்று. அப்லாரொட்சின் எனப் பெயரிடப்பட்ட அந்நஞ்சு ஈரலிற் புற்றுநோயை விளைப்பது. வறுத்தாலும் முற்றாக அழியாதது. ஈரப்பதன் மிகுந்த மலைநாட்டில் இவ்வறிவு இன்றியமையாதது. நன்கு உலர்ந்த கடலையை வாங்குதலும், ஈரம்படாது வைத்தலும், நிறம் மாறியதையும் சுருங்கியதையும் பூஞ்சணம் பிடித்ததையும் பொறுக்கி எறிதலும் காப்பாகும். மலிவு கருதிப் பழுதுற்ற கடலையைப் பாகில் மறைப்போர் உண்பவர் உயிரோடு விளையாடுகின்றனர். சிலருக்குக் கடலை கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். சிறு குழந்தைகளுக்கு முழுக்கடலை தொண்டையில் அடைக்கும் ஆதலின் அரைத்தே கொடுத்தல் வேண்டும்.

தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகும். கடல் கடந்து வந்த வித்து ஒன்று, உழைக்கும் மக்களின் மாப்பொருள் உணவில் இருந்த குறையை ஓரளவு நிரப்பவல்லதாய் அமைந்தது. எனினும் அதனை மக்கள் உணவென எண்ணாது, விழாக்காலத்துத் தின்பண்டம் என்றே கொண்டனர். தோட்டப்புறத்துப் பிள்ளைகளின் வளர்ச்சிக்குறை கடலை மிட்டாய் ஒன்றாற் தீர்வதன்று. பருப்பும் கீரையும் முட்டையும் பாலும், தூய நீரும், நியாயமான கூலியும் வேண்டும். ஆயினும் பாடசாலை வாயிலில் விற்கப்படும் நிறமூட்டிய வெறுஞ் சர்க்கரை மிட்டாய்க்குச் செல்லும் அதே காசு, கடலை இருபங்கு சேர்ந்த நல்ல மிட்டாய்க்குச் செல்லுமாயின், அப்பிள்ளையின் உடலுக்குச் சேர்வது சிறிதன்று. கூலியை ஒருநாளில் உயர்த்துதல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இயலாது. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் எது விற்கப்படவேண்டும் என்பதைத் தீர்மானித்தல் இயலும். சிங்கபிட்டியிற் தொடங்கி இருநூறு ஆண்டுகளாக இம்மலைகளை வளப்படுத்திய மக்களின் வழித்தோன்றல்களுக்கு அக்கவனமேனும் உரியதாகும்.