வண்டி கழுவிய கூலி

அமெரிக்காவில் படுக்கை, சமையல் மேடை, கழிவறை எல்லாம் பொருத்திய வீட்டு வண்டியைக் கழுவக் கொடுத்தால், பெரும்பாலும் அடிக்கணக்கில்தான் காசு கேட்பார்கள். வண்டி நீள நீளக் கூலியும் நீளும். சிவகாசி, சாத்தூர் சாலைகளில் 'வாட்டர் சர்வீஸ்' நடத்துகிறவர்கள் டேப் எடுப்பதில்லை. பைக்கா, காரா, ஆறு சக்கரமா, பத்துச் சக்கரமா என்று பார்த்த மாத்திரத்தில் ரேட் சொல்லிவிடுவார்கள். லாரி என்றால், போன லோடு என்ன என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். சிமென்ட் ஏற்றிய வண்டிக்கும் காய்கறி ஏற்றிய வண்டிக்கும் ஒரே உழைப்பு போதாது.

சிவகாசியை அடுத்த வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வண்டி கழுவுவதற்குக் காசு கொடுக்கும் வழக்கம் வந்து அதிக காலம் ஆகவில்லை. அதற்கு முன்பும் வண்டிகள் கழுவப்பட்டன. யாரோ கழுவினார்கள், எங்கிருந்தோ தண்ணீர் வந்தது. அந்தச் செலவு யார் கணக்கில் விழுந்தது என்பதுதான் இந்தத் தொழிலின் வரலாறு.

இது கரிசல் பூமி. மழை பெய்துவிட்டால் மாட்டுவண்டிச் சக்கரத்தில் மண் அப்பிக்கொண்டு மாடு இழுக்கத் திணறும். கோடையில் வேறு தொல்லை. வெயிலில் மரம் வற்றிச் சுருங்க, வட்டையைச் சுற்றிப் போட்டிருக்கும் இரும்புப் பட்டை தளர்ந்து கழலப் பார்க்கும். இரண்டுக்கும் மருந்து கண்மாயில் இருந்தது. மாட்டை அவிழ்த்துக் குளிப்பாட்டிவிட்டு, வண்டியைத் தண்ணீரில் இறக்கி நிறுத்திவிடுவார்கள். மரம் ஊறி உப்பி, பட்டை மறுபடி இறுகிக்கொள்ளும். சேறும் போய்விடும். பட்டறைக்குப் போகும் செலவு கொஞ்ச நாளைக்குத் தள்ளிப்போகும். காசு என்ற பேச்சே கிடையாது. கண்மாயில் தண்ணீர் இருந்தால் போதும்.

பிறகு தீப்பெட்டி வந்தது. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பி, 1923இல் சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். 1927இல் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை திறந்தது. 1940இல் வெடிபொருள் விதிகள் உரிம முறையைக் கொண்டுவர, பட்டாசு ஆலைகள் முறையாக எழும்பின. 1948இல் சென்னையில் வாகன நிறுவனமான அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. 1954இல் டாடா குழுமத்தின் டெல்கோ, ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்தது. சிவகாசிச் சரக்கை வடநாடு வரை கொண்டு சேர்க்கும் வேலை கொஞ்சம் கொஞ்சமாக லாரிக்கு மாறியது.

லாரியோடு கிளீனர் பையனும் வந்தான். டயரைத் தட்டிப் பார்ப்பது, தார்ப்பாய் கட்டுவது, ஸ்டவ் பற்றவைத்துச் சோறாக்குவது, டிரைவர் தூங்கும்போது லோடுக்குக் காவல் இருப்பது எல்லாம் அவன் பாடு. ஆற்றுப் பாலம் தென்பட்டால் வண்டி ஓரம் கட்டும். டிரைவர் குளிக்கப் போவார். பையன் வாளியும் கந்தல் துணியுமாக லாரிக்கு அடியில் நுழைவான். மரப் பாடியைத் தேய்த்து, கண்ணாடியைத் துடைத்து, சேசிஸில் படிந்த கிரீசைச் சுரண்டி எடுக்க ஒரு காலைப் பொழுது போய்விடும். அதற்கென்று தனிக்கூலி கிடையாது, படிக்காசில் அடக்கம். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், டிரைவர், கண்டக்டரின் சீருடையை வெளுக்கப் படி கொடுக்கச் சொன்னது. போக்குவரத்து நிறுவனத்தில் எந்த வேலைக்கும் சிறுவர்களை வைக்கக் கூடாது என்றும் சொன்னது. சட்டம் வந்த பிறகும் பல காலம் பாலத்தடியில் லாரி தேய்த்த கைகளில் சின்னக் கைகளும் இருந்தன. லாரி கழுவ ஒன்றும் ஆகவில்லை என்று முதலாளிகள் நினைத்த காலத்தில், அந்தச் செலவைச் சுமந்தவர்கள் இந்தப் பையன்களும் ஆறும்தான்.

கழுவுவதையே தனித் தொழிலாக்கியது வெளியுலகம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1914இலேயே கார் சலவைக் கடை ஒன்று திறந்தார்கள். ஆட்கள் காரைக் கையால் தள்ளிக்கொண்டு போய், ஒரு இடத்தில் சோப்பு, ஒரு இடத்தில் அலசல், ஒரு இடத்தில் துடைப்பு என்று முடித்தார்கள். 1950இல் ஜெர்மனியின் கார்ஷர் நிறுவனம் வெந்நீரை உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் எந்திரத்தைக் கொண்டுவந்தது. அந்த வழியில் வந்த பம்பும் கன்னும்தான் இன்றைக்கு நம் ஊர் நெடுஞ்சாலைகளில் ஓடுகின்றன. வண்டியை மேலே தூக்க ஒரு லிஃப்ட் அல்லது ஏற்றி நிறுத்த ஒரு சிமென்ட் மேடை, ஆழ்துளைக் கிணறு, மோட்டார், நுரை அடிக்கும் டப்பா, ரப்பர் பூட்ஸ் போட்ட இரண்டு ஆட்கள் இருந்தால் வாட்டர் சர்வீஸ் தயார். பைக்குக்கு நூறு, நூற்றைம்பது. காருக்கு நானூறு, ஐந்நூறு. லாரிக்கு ஆயிரத்தைத் தாண்டும். பில் போட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும். ஆயுத பூஜைக்கு முந்தைய நாட்களில் வரிசை சாலை வரை நிற்கும். கழுவிச் சந்தனம் பூசி, மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தால்தான் வண்டிக்காரருக்கு மனசு நிறையும்.

பட்டாசு வட்டாரத்தில் இந்த வேலைக்கு இன்னொரு முகமும் உண்டு. பட்டாசு ஆலையின் வேலை அறைக்குள் மண்ணும் மணலும் போகக் கூடாது என்பது பாதுகாப்பின் பாலபாடம். உராய்வில் பொறி கிளம்பும். அதே காரணம் லாரியின் பாடிக்கும் பொருந்தும். ஆனால் உள்ளே வெடிமருந்து சிந்தியிருந்தால் ஹோஸைத் திருப்பிவிட முடியாது. அதிலுள்ள அலுமினியப் பொடி ஈரத்தோடு சேர்ந்தால் சூடேறி ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும். நைட்ரேட்டும் கலந்திருந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும் அளவுக்குப் போகும். அதனால் பாடியின் உட்புறத்துக்கு முதல் வேலை, இரும்பு படாமல் மெதுவாகப் பெருக்கி எடுப்பது. தண்ணீர் அதற்கு அப்புறம்தான். கழுவுகிறவர் ரேட் சொல்லும் முன் போன லோடைக் கேட்பது இந்த ஊரில் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. அந்த எச்சரிக்கைக்கும் சேர்த்துக் கூலி கேட்டால் அது நியாயமான கூலி.

தண்ணீருக்கு மட்டும் இன்றுவரை விலை எழுதப்படவில்லை. வெம்பக்கோட்டையை ஒட்டி ஓடும் வைப்பாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். அதன் கரையில், விஜயகரிசல்குளத்தில், 2022 முதல் நடந்த அகழாய்வில் நுண்கற்கருவிகளும் சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன; ஆற்றை நம்பி மனிதர்கள் இங்கே குடியிருந்தது அவ்வளவு பழைய கதை. இன்று அதே ஆற்றின் குறுக்கே நிற்கும் வெம்பக்கோட்டை அணை சிவகாசிக்குக் குடிநீர் தருகிறது. கேரளத்தின் பம்பை, அச்சன்கோவில் ஆறுகளிலிருந்து ஆண்டுக்கு 634 மில்லியன் கன மீட்டர் நீரை வைப்பாற்றுக்குத் திருப்பலாம் என்று 1995இல் சாத்தியக்கூறு அறிக்கை வந்தது. கேரளம் சம்மதிக்கவில்லை, திட்டம் காகிதத்தில் நிற்கிறது.

இந்த நிலையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கன் நிமிடத்துக்கு 30 லிட்டர் பீய்ச்சுகிறது, ஒரு லாரிக்கு 20 நிமிடம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 600 லிட்டர். மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டம் கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். கிட்டத்தட்ட பதினோரு பேரின் ஒரு நாள் தண்ணீர் ஒரே லாரியில் வழிந்து, டீசலும் கிரீசும் கலந்து வாய்க்காலுக்குப் போகிறது. நிலத்தடி நீர் எடுப்பதை நெறிப்படுத்தத் தமிழ்நாடு 2003இல் ஒரு சட்டம் இயற்றியது. நடைமுறைக்கே வராமல் 2013இல் அது திரும்பப் பெறப்பட்டது. பெங்களூரு 2024 மார்ச்சில் வறட்சி முற்றியபோது, குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. அங்கே ஒரு தடவை கழுவும் கூலியைவிட அபராதம் பல மடங்கு. தண்ணீரின் மதிப்பைப் பணத்தில் எழுதிக் காட்டிய அரிய நேரம் அது.

தொடக்கத்தில் சொன்ன வீட்டு வண்டிக்கு வருவோம். நம் பக்கத்தில் அதற்குப் பெயர் 'கேரவன்'; சொன்னால் சினிமா படப்பிடிப்பு நினைவுதான் வரும். கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவைத் தொடங்கிய பிறகு, சுற்றிப் பார்க்கவும் அப்படிப்பட்ட வண்டி வரும் என்று தெரிந்திருக்கிறது. குற்றாலம் போகிற ஒரு கேரவன் இந்தச் சாலையில் நின்று கழுவ என்ன ஆகும் என்று கேட்டால், லாரி ரேட் சரிப்படாது. கூரையில் ஏ.சி.யும் சோலார் தகடும் இருக்கும். ஜன்னல் ஓரங்களில் ரப்பர் ஒட்டு இருக்கும். முழு வேகத்தில் கன் அடித்தால் தண்ணீர் உள்ளே புகுந்து படுக்கையை நனைத்துவிடும். ஏணி போட்டு ஏறிக் கையால் துடைக்க வேண்டும். கழிவுத் தொட்டியைத் திறந்துவிட இங்கே தோதான இடம் இல்லை. லாரிக் கூலியோடு ஏணி வேலைக்கு ஒன்றும், அரை நாள் இன்னொரு வண்டி ஏற முடியாமல் மேடை அடைந்து கிடப்பதற்கு ஒன்றும் சேர்த்துத்தான் பேச்சு தொடங்கும்.